தாமஸ் பௌச்

சர் தாமஸ் பௌச் (பெப்ரவரி 25, 1822 – அக்டோபர் 30, 1880) பிரித்தானியக் குடிசார் பொறியாளர் ஆவார். இங்கிலாந்தில் பிறந்த இவர் தம் தொழில் வாழ்வின் பெரும்பகுதியை ஸ்காட்லாந்தில் கழித்தார். சரக்குப் பெட்டிகளைத் தண்டவாளத்தோடு படகில் ஏற்றிக் கழிமுகத்தைக் கடக்கும் முறையை வெற்றிகரமாக நடைமுறைப்படுத்தியவர் என்றும், அக்காலத்தில் உலகின் மிக நீளமான பாலமாக விளங்கிய டே பாலத்தை வடிவமைத்தவர் என்றும் இவர் அறியப்படுகிறார். டே பாலத்தின் நடுப்பகுதி 1879 டிசம்பர் 28 அன்று, ஒரு தொடருந்து அதன்மேல் சென்றுகொண்டிருந்தபோது இடிந்து வீழ்ந்தது. தொடருந்தில் இருந்த அனைவரும் இறந்தனர். அதற்குப் பத்து மாதங்களுக்குப் பின் பௌச்சும் காலமானார்.

பாலத்தின் தூண்களைப் பிணைத்திருந்த குறுக்குப் பட்டைகள் விபத்துக்கு ஓராண்டுக்கும் முன்னரே தளர்ந்திருந்தன என்பது விசாரணையில் தெரியவந்தது. இரும்புக் கட்டமைப்புகளில் பிணைப்புகளின் இறுக்கத்தை யார், எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்விக்கு இவரது வாழ்க்கை முக்கியமான எடுத்துக்காட்டாக உள்ளது.

பிறப்பும் இளமையும்

பௌச் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்பர்லாந்து மாவட்டத்தில், கார்லைல் நகருக்கு அருகிலுள்ள தர்ஸ்பி என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை வில்லியம் பௌச் கப்பல் தலைவராகப் பணியாற்றியவர். தந்தையின் பெயரையே கொண்ட அண்ணன் வில்லியம், பின்னாளில் நீராவி இயந்திர வடிவமைப்பாளராகப் பெயர் பெற்றார்.

தாமஸ் பௌச் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர் அல்லர். அக்கால வழக்கப்படி, தம் 17ஆம் வயதில் லங்காஸ்டர் – கார்லைல் இருப்புப்பாதை வேலையில் ஒரு பொறியாளரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். பின்னர் ஸ்டாக்டன் – டார்லிங்டன் இருப்புப்பாதையில் நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். 1849இல் எடின்பரோ – வடக்கு இருப்புப்பாதை நிறுவனத்தின் மேலாளராகவும் பொறியாளராகவும் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 26 மட்டுமே. 1853இல் மார்கரெட் நெல்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் இரு மகள்களும் இருந்தனர்.

தொடருந்துப் படகு

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையை ஃபோர்த், டே என்னும் இரு ஆறுகளின் அகன்ற கழிமுகங்கள் வெட்டிச் செல்கின்றன. எடின்பரோவிலிருந்து வடக்கே உள்ள டண்டீ நகருக்குச் செல்பவர்கள் இரு கழிமுகங்களையும் படகில் கடக்க வேண்டியிருந்தது. சுமார் 46 மைல் தொலைவைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சரக்குகளை ஒரு கரையில் பெட்டியிலிருந்து இறக்கிப் படகில் ஏற்றி, மறு கரையில் மீண்டும் இறக்கி வேறு பெட்டியில் ஏற்றினார்கள். இதனால் செலவும் சேதமும் மிகுந்தன.

பௌச் இதற்கு ஒரு தீர்வு கண்டார். படகின் தளத்தில் தண்டவாளம் பதிக்கப்பட்டது. கரையில் ஒரு சாய்தளமும் அதன்மேல் நகரக்கூடிய இணைப்புப் பாலமும் அமைக்கப்பட்டன. கடல்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த இணைப்புப் பாலத்தை நகர்த்திப் படகின் தண்டவாளத்தையும் கரையின் தண்டவாளத்தையும் பொருத்த முடிந்தது. லெவியாதன் என்னும் படகு 1850இல் கிராண்டனுக்கும் பர்ண்டிஸ்லாந்துக்கும் இடையே சரக்குப் பெட்டிகளைச் சுமந்து செல்லத் தொடங்கியது. இச்சேவை ஃபோர்த் பாலம் திறக்கப்பட்ட 1890 வரை பயன்பட்டது. பயணிகள் மட்டும் வழக்கம்போல் படகு மாறிச் சென்றனர். இரு கழிமுகங்களுக்கும் பாலம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் பௌச்சுக்கு அக்காலத்திலேயே தோன்றிவிட்டது.

இருப்புப்பாதைகளும் பாலங்களும்

பின்னர் பௌச் தனித்து இயங்கும் ஆலோசகப் பொறியாளரானார். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் சிறு நகரங்களை இணைக்கும் கிளைப் பாதைகள் பலவற்றை அமைத்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ், பீபிள்ஸ் ஆகிய ஊர்களுக்கான பாதைகள் இவற்றுள் அடங்கும். பெரிய நிறுவனங்கள் கைவிட்ட ஊர்களுக்குக் குறைந்த செலவில் இருப்புப்பாதை கொண்டுவர முடியும் என்று காட்டியது இவரது சாதனையாகும். சிக்கனமாகக் கட்டுபவர் என்ற பெயரே இவருக்குத் தொடர்ந்து பணிகளைப் பெற்றுத் தந்தது.

இவர் வடிவமைத்த பாலங்கள் யாவும் குறைபாடு உடையவை என்று கருதுவது தவறாகும். 1858இல் செங்கல்லால் கட்டப்பட்ட ஹௌன்ஸ்கில் பாலம் இன்றும் நிற்கிறது. சுமார் 196 அடி உயரமுள்ள பீலா பாலம் வார்ப்பிரும்புத் தூண்களையும் தேனிரும்புப் பட்டைகளையும் கொண்டு கட்டப்பட்டது. நூறாண்டுகள் தொடருந்துகளைத் தாங்கிய பின், அந்தப் பாதை மூடப்பட்டதால் 1963இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. பீலா பாலத்தில் இரும்பு உறுப்புகள் ஒன்றோடொன்று தொடும் முகங்கள் இயந்திரத்தில் கடைந்து துல்லியமாகப் பொருத்தப்பட்டிருந்தன. டே பாலத்தில் அவ்வாறு செய்யப்படவில்லை.

டே பாலம்

டே கழிமுகத்தின் மேல் பாலம் கட்ட 1870இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. 1871 ஜூலை 22 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பாலத்தின் நீளம் ஏறத்தாழ இரண்டு மைல். மொத்தம் 85 கண்கள் (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்). நடுவில் கப்பல்கள் செல்வதற்காக 13 கண்கள் மட்டும் உயர்த்தி அமைக்கப்பட்டன. மற்ற கண்களில் தொடருந்து இரும்பு உத்தரங்களின் மேலே ஓடியது. இந்த 13 கண்களில் உத்தரங்களுக்கு உள்ளே, ஒரு கூண்டுக்குள் செல்வதுபோல் ஓடியது. இப்பகுதி உயர் உத்தரங்கள் என அழைக்கப்பட்டது. இவற்றுள் பெரிய கண்கள் ஒவ்வொன்றும் 245 அடி நீளமுடையவை.

முதலில் எல்லாத் தூண்களும் செங்கல்லால் கட்டப்படுவதாக இருந்தன. ஆற்றின் அடியில் துளையிட்டுப் பார்த்தபோது, ஆழம் குறைந்த இடத்திலேயே பாறை இருப்பதாகக் கருதப்பட்டது. வேலை தொடங்கிய பின்னரே அது பாறையன்று, இறுகிய கூழாங்கல் படிவம் என்பது தெரியவந்தது. அதன்கீழ் மென்மையான மண்ணே இருந்தது. எனவே தென்கரையிலிருந்து முதல் 14 தூண்கள் மட்டுமே செங்கல்லால் கட்டப்பட்டன. அடித்தளத்தின்மீது பாரத்தைக் குறைப்பதற்காக, எஞ்சியவற்றை வார்ப்பிரும்பால் அமைக்க பௌச் முடிவு செய்தார். தூண்களின் எண்ணிக்கையைக் குறைத்து, உயர் கண்களின் நீளத்தைக் கூட்டினார்.

முதல் ஒப்பந்ததாரர் நோயுற்று இறந்ததால், 1874இல் பணி மிடில்ஸ்பரோ நகரைச் சேர்ந்த ஹாப்கின்ஸ், கில்க்ஸ் நிறுவனத்திடம் சென்றது. தென்கரையில் வார்மிட் என்னும் இடத்தில் இருந்த வார்ப்பகத்தில் தூண்கள் வார்க்கப்பட்டன. அங்கே வார்ப்பில் ஏற்பட்ட துளைகளைத் தேன்மெழுகு, குங்கிலியம், இரும்புத்தூள், புகைக்கரி ஆகியவற்றை உருக்கிய கலவையால் அடைத்து மறைக்கும் வழக்கம் இருந்தது. இது பௌச்சுக்குத் தெரியாமல் நடந்தது. 1877 பெப்ரவரியில் வீசிய புயலில், நிலைநிறுத்தப்படாத நிலையில் இருந்த இரு உயர் உத்தரங்கள் ஆற்றில் விழுந்தன. அவற்றுள் ஒன்று நிமிர்த்தப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டது.

தூண்களின் அமைப்பு

உயர் உத்தரங்களைத் தாங்கிய ஒவ்வொரு தூணும் ஆறு வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்களின் தொகுதியாகும். குழாய்கள் பல துண்டுகளாக வார்க்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விளிம்புகளில் மரையாணிகளால் (போல்ட்டுகளால்) இணைக்கப்பட்டன. பாரம் நேராகக் கீழ்நோக்கி அழுத்தும்போது வார்ப்பிரும்பு அதை எளிதில் தாங்கும். பக்கவாட்டில் காற்று தள்ளும்போது ஆறு குழாய்களும் ஒரே உறுப்பாகச் செயல்பட வேண்டும். அதற்காகவே அவற்றுக்கிடையே பெருக்கல் குறி வடிவில் தேனிரும்புப் பட்டைகள் குறுக்காகப் பிணைக்கப்பட்டன.

இத்தகைய பட்டை இழுப்பை மட்டுமே தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது. பந்தற்கால்களுக்கு இடையே குறுக்காகக் கட்டப்படும் கயிற்றை இதற்கு ஒப்பிடலாம். கயிறு விறைப்பாக இருக்கும்வரை பந்தல் அசையாது. கயிறு தளர்ந்திருந்தால், பந்தல் ஒருபுறம் சாய்ந்து கயிறு விறைப்பாகும்வரை அதனால் பயன் இல்லை. விறைப்பாகும் கணத்தில் பாரம் வெட்டி இழுப்பதுபோல் ஒரேயடியாக அதன்மேல் விழும். ஆகவே குறுக்குப் பட்டைக்குத் தொடக்கத்திலேயே போதிய இழுவிசை கொடுத்து வைப்பதும், அந்த இழுவிசை குறையாமல் காப்பதும் அடிப்படைத் தேவைகளாகும்.

டே பாலத்தில் பட்டையின் ஒரு முனை, தூணோடு சேர்த்தே வார்க்கப்பட்ட காது போன்ற நீட்சியில் ஒரு போல்ட்டால் பொருத்தப்பட்டது. மறுமுனையில் ஓர் ஆப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கிப் பட்டை இறுக்கப்பட்டது. இந்த அமைப்பில் மூன்று குறைகள் இருந்தன.

முதலாவதாக, காதுகளின் துளைகள் துளைப்பொறியால் போடப்படாமல் வார்ப்பிலேயே உருவாக்கப்பட்டிருந்தன. அச்சை எளிதாக உருவுவதற்காக அவை ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருந்தன. எனவே போல்ட் துளையின் முழு நீளத்திலும் படியாமல் ஒரு விளிம்பில் மட்டுமே அழுந்தியது.

இரண்டாவதாக, போல்ட்டின் விட்டம் துளையின் விட்டத்தைவிடக் குறைவாக இருந்தது. தொடருந்து செல்லும்போது ஏற்படும் அதிர்வில் அந்த விளிம்பு நசுங்கினாலே பட்டை தளர்ந்துவிடும்.

மூன்றாவதாக, ஆப்பு எவ்வளவு இறங்கினால் பட்டையில் எவ்வளவு இழுவிசை உண்டாகிறது என்பதை அறிய எந்த அளவீடும் இல்லை. அடிப்பவரின் கைக்கணக்கே முடிவாக இருந்தது.

அரசு ஆய்வும் திறப்பும்

1878 பெப்ரவரி இறுதியில் வணிக வாரியத்தின் ஆய்வாளர் மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் மூன்று நாட்கள் பாலத்தை ஆய்வு செய்தார். ஒவ்வொன்றும் 73 டன் எடையுள்ள ஆறு நீராவி இயந்திரங்களைச் சேர்த்துப் பாலத்தின்மேல் ஓட்டிப் பார்த்தார். பாலம் பாரத்தை நன்கு தாங்கியது. மணிக்கு 25 மைலுக்கு மேற்படாத வேகத்தில் தொடருந்துகள் செல்லலாம் என்று அனுமதித்தார். பலத்த காற்று வீசும்போது தொடருந்து செல்வதைத் தாம் பின்னர் நேரில் காண விரும்புவதாகவும் அறிக்கையில் குறிப்பிட்டார். நோய்வாய்ப்பட்டதால் அவர் அதற்காகத் திரும்ப வரவேயில்லை. கீழ்நோக்கிய பாரமே சோதிக்கப்பட்டது. பக்கவாட்டுப் பிணைப்பு சோதிக்கப்படவில்லை.

1878 ஜூன் 1 அன்று பயணிகள் சேவை தொடங்கியது. டண்டீ நகரம் பௌச்சுக்குச் சிறப்புக் குடியுரிமை வழங்கியது. 1879 ஜூன் மாதம் விக்டோரியா அரசி பாலத்தின் வழியே பயணம் செய்தார். அதே மாதம் 26ஆம் நாள் பௌச்சுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. ஃபோர்த் கழிமுகத்துக்கு அவர் வடிவமைத்த தொங்கு பாலத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது.

தளர்ந்த பட்டைகள்

பாலத்தைக் கண்காணிக்க ஹென்றி நோபிள் என்பவர் பௌச்சின் கீழ் நியமிக்கப்பட்டிருந்தார். ஆற்றோட்டம் தூண்களின் அடிமண்ணை அரிக்கிறதா என்று பார்ப்பதே அவரது முதன்மைப் பணி. அவர் கொத்தனார் தொழிலில் தேர்ந்தவர்; இரும்பு வேலையில் அனுபவம் இல்லாதவர்.

1878 அக்டோபரில், பாலம் திறந்து ஐந்து மாதங்கள் ஆவதற்குள், தொடருந்து செல்லும்போது தூண்களில் கடகடவென ஓசை எழுவதை நோபிள் கவனித்தார். குறுக்குப் பட்டைகளின் முனைகளில் ஆப்புகள் தளர்ந்திருந்தன. அவர் இரும்புத் துண்டுகளை வாங்கி, இடைவெளிகளில் செருகி அடைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பட்டைகளை இவ்வாறு சரிசெய்தார். ஓசை நின்றது. இதை அவர் பௌச்சிடம் தெரிவிக்கவில்லை. அதே நேரத்தில் சில குழாய்த் தூண்களில் நெடுக்காகக் கண்ட வெடிப்புகளைப் பற்றி அவர் தெரிவித்தார். பௌச் வந்து பார்த்து, அவற்றைச் சுற்றி இரும்பு வளையங்கள் போடச் செய்தார்.

நோபிள் அக்கறையுடனேயே செயல்பட்டார். ஆனால் இடைவெளியை அடைப்பதும் இறுக்குவதும் ஒன்றல்ல. பட்டை தளர்ந்தது என்றால், காதில் ஏதோ நசுங்கிற்று, அல்லது தூண் சற்றே இடம்பெயர்ந்தது என்று பொருள். துண்டுகளைச் செருகியதால் பட்டைகள் இழந்த இழுவிசை திரும்பவில்லை. தூண்கள் இடம்பெயர்ந்த நிலையிலேயே நிலைப்படுத்தப்பட்டன. ஓசை மட்டும் அடங்கியது. ஒரு பொறியாளருக்கு எச்சரிக்கையாக இருந்திருக்கக் கூடிய ஒரே அறிகுறியும் இதனால் மறைந்துபோயிற்று.

1879ஆம் ஆண்டு கோடையில் பாலத்துக்கு வண்ணம் பூசிய தொழிலாளர்கள், தொடருந்து செல்லும்போது பாலம் பக்கவாட்டில் ஆடியதாகப் பின்னர் சாட்சியம் அளித்தனர். வடக்கு நோக்கிச் சென்ற தொடருந்துகள் வேக வரம்பை மீறின என்று பயணிகள் சிலர் கூறினர்.

விபத்து

1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை மாலை கடும் புயல் வீசியது. இரவு சுமார் 7.15 மணிக்கு எடின்பரோ பக்கத்திலிருந்து வந்த தொடருந்து உயர் உத்தரங்களுக்குள் நுழைந்தது. அதில் ஓர் இயந்திரமும், ஐந்து பயணிகள் பெட்டிகளும், ஒரு சாமான் பெட்டியும் இருந்தன. சிறிது நேரத்தில் பதின்மூன்று உயர் கண்களும் அவற்றைத் தாங்கிய பன்னிரண்டு தூண்களும் தொடருந்தோடு ஆற்றில் வீழ்ந்தன.

ஒருவரும் உயிர் தப்பவில்லை. இறந்தோர் 75 பேர் என அன்று கணக்கிடப்பட்டது. ஆவணங்களால் உறுதி செய்யப்பட்டோர் 59 பேர். 46 பேரின் உடல்கள் மட்டுமே மீட்கப்பட்டன.

நீராவி இயந்திரம் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டு, 1919 வரை ஓடியது. தொழிலாளர்கள் அதற்கு முக்குளிப்பான் என்று பொருள்படும் பட்டப்பெயரைச் சூட்டினர்.

விசாரணை

ஹென்றி ரோத்தரி தலைமையில் கர்னல் யோலண்ட், பொறியாளர் வில்லியம் பார்லோ ஆகியோர் அடங்கிய விசாரணை மன்றம் 1880 ஜனவரி முதல் வாரத்திலேயே டண்டீயில் கூடியது. இடிபாடுகள் புகைப்படம் எடுக்கப்பட்டன. காதுகளும் பட்டைகளும் லண்டனில் டேவிட் கிர்கால்டியின் சோதனைக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. பட்டைகள் அறும் முன்னரே, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த இழுப்பில் காதுகள் உடைந்தன.

காற்றின் விசைக்காகத் தனியாக எந்தக் கணக்கும் செய்யப்படவில்லை என்பதை பௌச் ஒப்புக்கொண்டார். அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி, ஃபோர்த் பாலத்துக்குச் சதுர அடிக்கு 10 இறாத்தல் காற்றழுத்தம் கொண்டால் போதும் என்று முன்னர்க் கூறியிருந்தார். பிரான்சிலும் அமெரிக்காவிலும் அப்போதே சுமார் ஐந்து மடங்கு அதிகமான அளவு கையாளப்பட்டு வந்தது. காற்றினால் தடம்புரண்ட பெட்டி உத்தரத்தில் மோதியதே விபத்துக்குக் காரணம் என்று பௌச் வாதிட்டார். மன்றம் அதை ஏற்கவில்லை.

விசாரணையாளர்கள் இரண்டு தனித்தனி அறிக்கைகளை அளித்தனர். தூண்களின் குறுக்குப் பட்டைகளும் அவற்றின் பிணைப்புகளும் புயலைத் தாங்கப் போதாமையே பாலம் வீழ்ந்ததற்குக் காரணம் என்பதில் மூவரும் ஒத்துப்போயினர். யார் குற்றவாளி என்று கூறுவது மன்றத்தின் வேலையன்று என யோலண்டும் பார்லோவும் கருதினர். ரோத்தரி அவ்வாறு கருதவில்லை. வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகிய மூன்றிலும் குறைகள் இருந்தன என்றும், அவற்றுக்கு பௌச்சே முதன்மைப் பொறுப்பு என்றும் அவர் எழுதினார்.

இறுதி நாட்கள்

ஃபோர்த் தொங்கு பாலத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்காக இன்ச்கார்வி தீவருகே கட்டத் தொடங்கிய செங்கல் தூணின் அடிப்பகுதியை இன்றும் காணலாம். மாண்ட்ரோஸ் நகருக்கு அருகே பௌச் வடிவமைத்திருந்த சவுத் எஸ்க் பாலம் ஆய்வில் தேறாமல் இடிக்கப்பட்டது.

பௌச்சின் உடல்நிலை விரைவாகச் சீர்கெட்டது. ஸ்காட்லாந்தின் தெற்கில் உள்ள மொஃபாட் என்னும் ஊரில் 1880 அக்டோபர் 30 அன்று, தம் 58ஆம் வயதில் காலமானார். எடின்பரோவில் உள்ள டீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பின்விளைவுகள்

விபத்துக்குப் பின் அமைக்கப்பட்ட குழு, பாலங்களை வடிவமைக்கும்போது சதுர அடிக்கு 56 இறாத்தல் காற்றழுத்தத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. பார்லோவும் அவருடைய மகனும் வடிவமைத்த புதிய டே பாலம் பழையதன் அருகிலேயே கட்டப்பட்டு 1887இல் திறக்கப்பட்டது. வீழாமல் நின்ற பழைய உத்தரங்கள் பல அதில் மீண்டும் பயன்பட்டன. குறை உத்தரங்களில் இல்லை, தூண்களின் பிணைப்பிலேயே இருந்தது என்பதை இது காட்டுகிறது. பழைய தூண்களின் அடிப்பகுதிகள் இன்றும் நீர்மட்டத்துக்கு மேல் தெரிகின்றன.

ஜான் ஃபௌலர், பெஞ்சமின் பேக்கர் ஆகியோர் வடிவமைத்த ஃபோர்த் பாலம் 1890 மார்ச் 4 அன்று திறக்கப்பட்டது. எஃகால் ஆன அப்பாலத்தில் சுமார் 65 இலட்சம் தறையாணிகள் (ரிவெட்டுகள்) அறையப்பட்டன. சூடாக அறையப்பட்ட தறையாணி குளிரும்போது சுருங்கித் தகடுகளை நெருக்கிப் பிடிக்கும். அது தளர்ந்துள்ளதா என்பதை ஒரு பக்கம் விரலை வைத்து, மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டி அறிவார்கள். இந்திய இருப்புப்பாதைப் பாலங்களின் ஆய்விலும் இம்முறை கையாளப்படுகிறது.

இறுக்கத்தைச் சரிபார்த்தல்

20ஆம் நூற்றாண்டில் தறையாணியின் இடத்தை உயர்வலிமை போல்ட் பிடித்தது. போல்ட்டைப் போதிய இழுவிசையில் இறுக்கினால், தகடுகளுக்கு இடையே எழும் உராய்வே பாரத்தைக் கடத்தும் என்று சிரில் பாத்தோ முதலியோரின் ஆய்வுகள் 1934இல் காட்டின. அமெரிக்காவில் 1947இல் இதற்கென ஓர் ஆய்வு மன்றம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதல் விதித்தொகுப்பு 1951இல் வெளிவந்தது.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 800 (2007) விதிப்படி, 8.8 தர வகையைச் சேர்ந்த 20 மி.மீ. போல்ட் ஒன்றில் ஏறத்தாழ 14 டன் இழுவிசை இருக்க வேண்டும். உயர்வலிமை போல்ட்டுகளைப் பொருத்தும் முறையை ஐ.எஸ். 4000 கூறுகிறது.

இந்த இழுவிசையைக் கண்ணால் காண முடியாது. நட்டைத் திருப்பக் கொடுக்கும் முறுக்குவிசையில் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகிறது. சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் பயன்படுகிறது. மரையில் துருவோ தூசியோ படிந்திருந்தால், டார்க் ஸ்பேனர் அதே அளவைக் காட்டினாலும் போல்ட்டில் இழுவிசை குறைவாகவே இருக்கும். ஆகவே பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன:

அளவுத்திருத்தம்: அன்றன்று பயன்படுத்தப்போகும் போல்ட்டுகளில் சிலவற்றை இழுவிசை அளவியில் இறுக்கிப் பார்த்து, அதற்கேற்ப டார்க் ஸ்பேனரை அமைத்தல்.

நட்டுத் திருப்பு முறை: தகடுகள் நன்கு ஒட்டும்வரை இறுக்கியபின் நட்டிலும் போல்ட்டிலும் வண்ணக் கோடு இட்டு, போல்ட்டின் நீளத்துக்கேற்ப மூன்றில் ஒரு சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை மேலும் திருப்புதல். கோடுகள் விலகிய அளவை ஆய்வாளர் பின்னரும் பார்க்கலாம்.

இழுவிசை காட்டும் வாசர்: இதன் மேற்பரப்பில் உள்ள புடைப்புகள் உரிய இழுவிசையில் நசுங்கும். எஞ்சிய இடைவெளியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

முனை அறும் போல்ட்: போதிய முறுக்குவிசை வந்ததும் இதன் வால்முனை தானே அறுந்து விழும். இதிலும் மரையின் நிலை முடிவைப் பாதிக்கும் என்பதால், முன்கூட்டிய சோதனை கட்டாயமாகும்.

இம்முறைகள் அனைத்திற்கும் பொதுவான கூறு ஒன்றுண்டு. இறுக்கியவரின் கைக்கணக்கையோ, ஓசை எழாமையையோ சான்றாகக் கொள்ளாமல், வேறொருவர் வந்து பார்த்து உறுதிசெய்யத்தக்க அடையாளம் ஒன்றை இவை விட்டுச்செல்கின்றன. டே பாலத்தில் அத்தகைய அடையாளம் எதுவும் இருக்கவில்லை.

பாம்பன் பாலத்துடன் ஒப்பீடு

கடற்காற்றுக்கு நடுவே நீண்ட இருப்புப்பாதைப் பாலம் என்ற வகையில் தமிழ்நாட்டின் பாம்பன் பாலம் டே பாலத்துடன் ஒப்பிடத்தக்கது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, மானாமதுரை வழியாக இராமேசுவரம் செல்லும் பாதையும் இதன் வழியாகவே கடலைக் கடக்கிறது. 1914 பெப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாலம், 1964 டிசம்பர் 22–23 இரவில் வீசிய புயலில் உத்தரங்கள் பலவற்றை இழந்தது. அதே இரவில் தனுஷ்கோடிக்கு அருகே பயணிகள் தொடருந்து ஒன்று கடல் அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. பாலம் 46 நாட்களில் மீண்டும் சீரமைக்கப்பட்டது.

பின்னாளில் அப்பாலத்தில் காற்றுவேகமானி பொருத்தப்பட்டது. காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தொடருந்துகள் நிறுத்தப்பட்டன. டே பாலத்தில் பலத்த காற்றின்போது போக்குவரத்தை நிறுத்த எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் தொடருந்துப் போக்குவரத்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

மதிப்பீடு

பௌச்சைப் பற்றிய கருத்துகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. ரோத்தரியின் அறிக்கை அவரைத் தனிப்பட்ட முறையில் குற்றவாளியாக்கியது. காற்றழுத்தம் குறித்து அக்காலப் பிரித்தானியப் பொறியாளர்களிடையே தெளிவான விதி இருக்கவில்லை என்பதையும், வார்ப்பகத்தின் மோசடி அவருக்கு மறைக்கப்பட்டது என்பதையும் பின்வந்தோர் சுட்டிக்காட்டினர். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணினி உதவியுடன் செய்யப்பட்ட ஆய்வுகள், அன்றைய காற்றின் விசையே பாலத்தை வீழ்த்தப் போதுமானது எனக் கூறின. பீட்டர் லூயிஸ் விசாரணைக் காலப் புகைப்படங்களை மீண்டும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட நூலில், தொடர்ந்த ஆட்டத்தால் காதுகள் களைப்புற்று வெடித்துவந்தன என்ற கருத்தை முன்வைத்தார்.

எந்த விளக்கத்தை ஏற்றாலும், பராமரிப்புப் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து பௌச்சை விடுவிப்பது கடினம். காற்றின் அளவு குறித்து அவர் பிறரின் கருத்தை நம்பியிருக்கலாம். பட்டைகளின் இறுக்கத்தைப் பார்க்க அந்த வேலை அறிந்த ஒருவரை அமர்த்துவதோ, தாமே அவ்வப்போது சென்று பார்ப்பதோ முற்றிலும் அவர் கையில் இருந்தது. ஒரே நேரத்தில் பல பணிகளை ஏற்றுக்கொண்டு, நுணுக்கமான வேலைகளை உதவியாளர்களிடம் விட்டுவிடும் வழக்கம் அவருக்கு இருந்தது. சிறு கிளைப் பாதைகளில் செலவைக் குறைத்த அதே வழக்கம், இரண்டு மைல் நீளப் பாலத்தில் உயிர்ச்சேதத்துக்கு வழிவகுத்தது.

கலை, இலக்கியத்தில்

டே பால விபத்தைப் பற்றி டண்டீயில் வாழ்ந்த வில்லியம் மெக்கோனகல் எழுதிய கவிதை, அதன் நடையின் குறைகளுக்காகவே பரவலாக அறியப்படுகிறது. ஜெர்மானிய எழுத்தாளர் தியோடர் ஃபொண்டானே 1880இல் இதே நிகழ்வைக் கதைப்பாடலாக எழுதினார். ஏ. ஜே. குரோனினின் 1931ஆம் ஆண்டு நாவலான ஹேட்டர்ஸ் காசிலிலும் இவ்விபத்து இடம்பெறுகிறது.

விபத்தில் இறந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவுக்கற்கள் 2013 டிசம்பர் 28 அன்று கழிமுகத்தின் இரு கரைகளிலும் திறந்துவைக்கப்பட்டன.